இரண்டாவது பதினேழு

1
ஒளிப்பானேன், இது நான் யோசித்த கதையல்ல. அக்கா ஃபோனில் அழுதாள், நான் குறிப்பெடுத்தேன். வெட்கக்கேடுதான். அவள் எஞ்சினியர். கால்வாய் மேலிருந்த இருநூறு வருஷத்துக் கல்பாலத்தைப் பிரித்து, கல்லுக்குக் கல் நம்பர் போட்டு, அப்படியே திரும்பக் கட்டியவள். பாலம் முடிந்துவிட்டது. ஒரு கல் மிச்சம்.

2
(முதல் தொடக்கம்: 'வளைவின் நிழல் நீரில் விழுந்து முழுவட்டமானபோது அவள்...' அடித்துவிட்டேன். அழகாகத்தான் இருக்கிறது, அவளுக்கு என்ன பிரயோஜனம்?)

3
நம்பர் போட்டபோது இரண்டு கரையிலிருந்தும் இரண்டு கோஷ்டி ஆளாளுக்கு ஒன்றிலிருந்து எண்ணியிருக்கிறது. எல்லா நம்பரும் இரண்டிரண்டு. ஒரு பதினேழு வளைவில் இருக்கிறது. இன்னொன்று புல்லில் கிடக்கிறது.

மேஸ்திரி அசரவில்லை. "ஓரச் சுவர்க் கல்லா இருக்கும் மேடம், விடுங்க."

"மேல அகலம், கீழ குறுகல். வளைவுக் கல்லேதான், அண்ணே."

"அப்போ சாந்து தடிமனா வச்சிருப்போம். இடுக்குக்கு ஒரு நூல் கூடினாலும் ஒரு கல்லு வெளிய வந்துரும். அதுக்காகப் பாலம் விழுந்துருமா என்ன?"

விழுமா?*

* பழைய ஆட்கள் சாந்தே இல்லாமல் கல்லோடு கல் இழைத்துப் பொருத்தியிருந்தார்கள். இப்போது பாரம் சாந்து வழியாக இறங்குகிறது. தாங்கினாலும் தாங்கும். எனக்குத் தலை சுற்றுகிறது.

4
அவளை வீராங்கனையாக்கினேன்: கையெழுத்துப் போட மறுக்கிறாள், வளைவைப் பிரிக்கிறார்கள். வாசித்துக் காட்டினேன்.

"முப்பது பேர் எட்டு மாசம் தூக்கின கல்லுடா. ஒரே வரியில பிரிச்சுட்டியே!"

சரி, கையெழுத்துப் போடுகிறாள், லாரிகள் போகின்றன, ஒன்றும் ஆகவில்லை என்று மாற்றினேன்.

"எத்தனை வருஷத்துக்கு ஒண்ணும் ஆகல? அதைச் சொல்லு."

எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "எஞ்சினியர் நீயா, நானா?"

"எனக்குத் தெரிஞ்சா உனக்கு எதுக்குடா ஃபோன் பண்றேன்?"

5
நாளைக் காலை பத்து மணிக்குப் பாலம் உறுதி என்று அவள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் பத்தரைக்குத் தடுப்பை எடுத்துவிடுவார்கள்.

[முடிவு: அவள் பேனாவைத் திறந்து]
[முடிவு: அவள் பேனாவைத் திறக்காமல்]

இரண்டும் அங்கேயே நின்றுவிட்டன. உங்கள் தலையில் கட்டிவிடலாம் என்று பார்த்தேன். எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் சும்மா அல்ல. போடு என்பவர் பத்தரைக்குத் தன் பிள்ளையைக் கைபிடித்துக் கூட்டிவந்து முதல் ஆளாக நடக்கட்டும். போடாதே என்பவர் அந்த முப்பது பேரிடம் நேரில் சொல்லட்டும். இரண்டுக்கும் எனக்குத் துணிச்சல் வரவில்லை. நாளை அவள் பக்கத்தில் போய் நிற்கப்போகிறேன், வெறுங்கையோடு.