பாரம் தின்னும் எண்ணெய்

மணிக்கட்டு விண்ணென்று தெறித்தது. பிரேக்கை விட்ட பிறகும் விரல்கள் மடங்கியே கிடந்தன. எங்கள் கீலுங் ஊர் மேடுகளில் பைக்கில் ஏறி, வீடுகளுக்குப் போடும் கேஸ் சிலிண்டரோடு அந்தப் பக்கம் இறங்கினால், பிரேக் பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் வண்டி மூக்கைத் தரையில் குத்தும்; என் உடம்பு மொத்தமும் கைப்பிடிமேல் வந்து விழும். ஏற்கெனவே இரண்டு முறை சறுக்கி விழுந்திருந்தேன். இன்னொரு முறை விழுந்தால் மேட்டுத்தெருவை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று கேஸ் கடை முதலாளி சொல்லிவிட்டார். சிலிண்டரை மாடி ஏற்றினால் தனியாகத் தரும் படிக்கூலி வருவது அங்கேதான். என் சோறும் அங்கேதான்.

"இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்க, ஆ-கிம்?" பாக்கைக் குதப்பிக்கொண்டே கேட்டான் ஆ-லியோங். அவனும் எங்கள் கடை ஆள். துறைமுகத்தை ஒட்டிய சமதரைதான் அவனுக்கு. "முன்சக்கரத்தப் பிடிச்சிருக்கிற ஃபோர்க்குல கெட்டி எண்ணெய் ஊத்து. முப்பது நம்பர். என் வண்டியப் பாரு, ரெண்டு சிலிண்டர் வெச்சாலும் அசையுதா? எண்ணெய் திங்குதுடா பாரத்த!"

எங்கள் ஊர்ப் பேச்சில் வண்டி பாரம் சுமக்காது, தின்னும். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, கெட்டி எண்ணெய்க்குப் பெரிய வயிறு என்று ஆ-லியோங் முடிவு கட்டியிருந்தான். சிலிண்டர் வாஷரையே தலைகீழாக மாட்டுகிறவன் அவன். வலி வந்தவனுக்கு யார் சொன்னாலும் வைத்தியம்.

நான் வாங்கிப் போன எண்ணெய் டப்பாவைப் பார்த்து மெக்கானிக் சியூ-பீ அக்கா சிரித்தாள். "பத்து ஊத்துற எடத்துல முப்பதா? யார் சொன்னது, அந்தப் பாக்கு வாயனா?"

"ஊத்துங்கக்கா."

"ஊத்துறேன். விழுறதுன்னா என் கடை வாசல்ல விழாத."

முதல் நாள் சொகுசாகத்தான் இருந்தது. மூக்கு குத்தவில்லை; மெதுவாக அமுங்கியது. எல்லாம் தன் மூளை என்று ஆ-லியோங் கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

மறுநாள் மழை. கோயிலுக்குப் பின்னால் இறங்கும் சரிவில் வரிசையாகச் சாக்கடை மூடிகள். முதல் மூடியில் அமுங்கிய ஃபோர்க் எழுவதற்குள் அடுத்தது வந்துவிட்டது, பிறகு அதற்கடுத்தது. கீழேயே இறுகி நின்றுவிட்டது. சக்கரம் ஈர இரும்பில் துள்ளித் துள்ளிப் போய், மீன் உருண்டைக் கடை பெஞ்சில் முட்டி நின்றது. நான் விழவில்லை. பெஞ்சில் இருந்தவனின் கிண்ணம்தான் விழுந்தது.

"பசின்னா இறங்கி வாண்ணே, வண்டியோடயா வருவ?" என்றான் அவன்.

நேராகச் சியூ-பீ அக்காவிடம் போனேன். கிளட்ச் வேலைக்காக ஆ-லியோங்கின் வண்டியும் அங்கே நின்றிருந்தது.

"அதே வண்டி, அதே எண்ணெய். அவனுக்கு மட்டும் எப்படிக்கா திங்குது?"

அவள் அவன் ஃபோர்க் மூடியைத் திருகி ஸ்பிரிங்கை உருவினாள். என்னுடையதைவிடத் தடித்த கம்பி.

"முன்னாடி இந்த வண்டிய வெச்சிருந்த அரிசிக்கடைக்காரன் போட்டது. தாங்குறது இதுதான். எண்ணெய் அமுங்குற, எழும்புற வேகத்தத்தான் கொறைக்கும். ரொம்பக் கெட்டியானா அமுங்குனத எழும்ப விடாது."

இத்தனை வருஷம் ஓட்டியவன் ஒரு தடவை திறந்து பார்க்கவில்லை. ஊருக்கெல்லாம் வைத்தியம் மட்டும் சொல்லியிருக்கிறான்.

"எனக்கு இது மாதிரி வேணும்."

"சொல்லி வெச்சா வரும். எப்ப வரும்னு தெரியாது."

நாளைக்கும் மழை என்று எனக்குத் தெரியும். ஆ-லியோங்கின் வண்டியைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"சமதரையில ஓட்டுறவனுக்கு இது எதுக்கு?" என்று சொல்லிக்கொண்டே ஸ்பேனரை எடுத்தாள். அவன் ஸ்பிரிங் இரண்டும் எனக்கு, என் ஸ்பிரிங் இரண்டும் அவனுக்கு. என் வண்டிக்குப் பதினைந்து நம்பர் எண்ணெய்.

"அவனுக்கு?"

"அவனோட முப்பது அவனுக்கே. திங்கட்டும்."

மேட்டுத்தெரு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஆ-லியோங் முன்னைவிடச் சத்தமாக எண்ணெய்ப் பெருமை பேசுகிறான். வண்டி மூக்கு அமுங்கியே கிடப்பது கூட அவனுக்கு உறைக்கவில்லை. கேட்டால் கொடுத்துவிடுவேன். கேட்பதற்கு முதலில் அவன் திறந்து பார்க்க வேண்டும். அதுவரை ஆ-லியோங்குக்கு நான் ஒரு ஜோடி ஸ்பிரிங் கடன்.