மானச் சண்டைத் தடை மசோதா

புதாபெஸ்ட் நாடாளுமன்றத்தில் நீதி மந்திரி ஜொம்போரி பெர்த்தலான் அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரே ஒரு மசோதாவுக்காக உயிரை விட்டுக்கொண்டிருந்தார். மானம் போச்சென்று சவால் விட்டு இருவர் வாளோடு மோதும் மானச் சண்டையில் ஆளைக் கொன்றால் இனி தூக்கு. அதுவரை இருந்த தண்டனை சில வாரம் கனவான்கள் சிறை. சமையல்காரரைக் கூடவே அழைத்துப் போகலாம்.

போன வருஷம் ஒரு நடன விருந்தில் அவர் மகன் தெனேஷ், "இது என் பாட்டு, வேற யாரும் ஆடக் கூடாது" என்று வாத்தியக்காரர்களுக்குக் காசு கொடுத்திருந்தான். ஒரு லெப்டினன்ட் ஆடிவிட்டான். மறுநாள் காலை மானச் சண்டையில் வாளால் தெனேஷின் வயிற்றையும் கிழித்தான். பாட்டு என்னவோ சுமாரான பாட்டுதான்.

விவாதத்தில் எதிர்க்கட்சி வத்னாய் கெர்கெய் எழுந்தார்.

"மகன் சண்டை போட்டுச் செத்தான். மந்திரி அய்யா சட்டம் போட்டுப் பொழைக்கப் பாக்குறாரு. அந்தக் குடும்பத்துல ஆம்பள அவன் ஒருத்தன்தான் போல!"

சபை சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

வெளியே வந்ததும் பழைய நண்பர் கர்னல் இலோஷ்வாய் மந்திரியின் கையைப் பிடித்தார்.

"ரெண்டு நண்பர்கள அனுப்பி அவனுக்குச் சவால் விட்டுட்டியா?"

"சண்டையை ஒழிக்கிற மசோதாய்யா என்னோடது!"

"அதனாலதான் சொல்றேன். கோழை கொண்டாந்த மசோதாவுக்கு நம்ம கட்சிக்காரனே ஓட்டுப் போட மாட்டான்."

"சண்டை போட்டா?"

"கண்ண மூடிட்டு ஓட்டுப் போடுவான். லேசா ஒரு கீறு கீறு. கட்டிப்புடி. வந்துடு."

நியாயமாகத்தான் பட்டது.

குதிரைப்படைப் பயிற்சிக் கூடத்தில் இருவரும் சட்டையைக் கழற்றி நின்றார்கள். முதல் வீச்சிலேயே வத்னாயின் வாள் மந்திரியின் கன்னத்தைப் பிளந்தது. கடைவாய்ப் பல் வெளியே தெரிந்தது. கட்டிப்பிடிக்கச் சரியான கட்டம். வத்னாய் பல்லைப் பார்த்துவிட்டு, "செத்துக் கிடந்த உன் பையனுக்கும் இதே மூஞ்சிதான்" என்றார்.

மந்திரி வெட்டினார். வத்னாயின் விரல்கள் இரண்டு வாளோடு சேர்ந்து மரத்தூளில் விழுந்தன.

"நிறுத்து! நிறுத்துய்யா!" என்று கர்னல் கத்தினார்.

மந்திரிக்கு நன்றாகக் கேட்டது. அடுத்த வெட்டு கழுத்தில் இறங்கியது. எலும்பில் சிக்கிய வாளை, செத்தவர் தோளில் காலை ஊன்றித்தான் உருவ வேண்டியிருந்தது. தன் மசோதாப்படி தூக்கு யாருக்கு என்பது உருவும்போதே அவருக்கு உறைத்தது.

வாக்கெடுப்பு நாளில், முகத்தில் கட்டோடு அவர் நுழைந்ததும் இரு கட்சிகளும் எழுந்து "வாழ்க!" என்று முழங்கின. ஆளும் கட்சிக்காரர் ஒருவர் கண்கலங்கப் பேசினார்:

"இப்படி ஒரு வீரனைத் தூக்குல போடச் சொல்லுது இந்த மசோதா. நமக்கு மனசு வருமா?"

யாருக்கும் வரவில்லை.

"ஆதரிக்கிறவங்க எந்திரிங்க" என்றார் சபாநாயகர்.

மந்திரி பெர்த்தலான் ஒருவர்தான் எழுந்தார். கட்டிலிருந்து ரத்தம் கசிந்து சட்டைக் காலரில் இறங்கியது. அவர் வாயைத் திறந்தார். தையல் பிரிந்ததே தவிர, பேச்சு வரவில்லை. பாராட்டை ஏற்றுக்கொள்ள எழுந்திருக்கிறார் என்று நினைத்து சபை மறுபடியும் கை தட்டியது. பார்வையாளர் மாடத்தில் அப்பாவுக்காகக் கையில் கறுப்புத் துணி கட்டியிருந்த வத்னாயின் மகனும் தட்டினான். மரியாதை தெரிந்த பிள்ளை. தட்டி முடித்து, கையுறையை மாட்டிக்கொண்டு, இரண்டு நண்பர்களோடு படியிறங்கி மந்திரியை நோக்கி வந்தான்.