அவ்விடத்தில் இல்லாத நாய்

குனிந்து கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்த ஆளின் உச்சந்தலையைப் பார்த்ததும் ஊசியக்காவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்காது. அந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை. போன வருடம் நகர அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தபோதும் மனு வாங்கும் மேசைக்குப் பின்னாலிருந்து அவளுக்குக் காட்சி கொடுத்தது இந்த வழுக்கை வட்டம்தான். நடுவில் ஒரு மச்சம், சுற்றிலும் எண்ணெய் வைத்துப் படிய வாரிய முடி. மூன்று முறையும் அந்தத் தலை நிமிரவே இல்லை.

ஊசியக்கா என்பது ஆஸ்பத்திரியில் எல்லோரும் கூப்பிடும் பெயர். நாய்க்கடி ஊசி போடும் அறையில் பதினோரு வருடமாக நிற்கும் நர்ஸை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? இந்த ஆளுக்கும் அவள் வீட்டில் ஒரு பெயர் உண்டு. முடிச்சு வச்சவர். அவள் கணவன் வைத்தது. அலுவலகத்திலிருந்து வந்த பதிலில் பெயர் எதுவும் இல்லை. ஒரு முத்திரை, வால் நீண்ட ஒரு கையெழுத்து, மூன்றே வரிகள். 'நேரில் பார்வையிடப்பட்டது. குறிப்பிட்ட நாய் அவ்விடத்தில் இல்லை. மனு முடித்து வைக்கப்படுகிறது.'

நாய் அவ்விடத்தில்தான் இருந்தது. ஒன்றரைக் காதும் பழுப்பு உடம்புமாக மரக்கடை வாசலை அடைத்துக்கொண்டு படுத்திருந்தது. அவள் மகளின் இடது கன்னத்தைக் கிழித்த அன்றுகூட, கிழித்து முடித்ததும் அதே வாசலில் போய்ப் படுத்துக்கொண்டது. ராத்திரிக் காவலுக்கு 'நம்ம நாய்' என்பார் மரக்கடை முதலாளி. யாரையாவது கடித்துவிட்டால் 'தெருநாய்ங்க, எங்கிருந்தோ வருது' என்பார்.

மகளுக்கு அப்போது எட்டு வயது. கன்னத்தில் ஏழு தையல். மரக்கடைத் தெரு வழியாகப் போனால் பள்ளிக்கூடம் ஐந்து நிமிடம். இப்போது பெரிய சாலையைச் சுற்றிக்கொண்டு இருபத்தைந்து நிமிடம் நடக்கிறாள், தலைமுடியைக் கன்னத்தில் இழுத்துவிட்டபடி. அந்தத் தெருவை மகளுக்கு மீட்டுக் கொடுக்கவேண்டும், அந்த வழுக்கைத் தலையை ஒரு தடவையாவது நிமிர வைக்கவேண்டும். ஒரு வருடமாக ஊசியக்காவுக்கு இந்த இரண்டைத் தவிர வேறு ஆசை இல்லை.

"சீக்கிரம் போடுங்க சிஸ்டர். தலை சுத்துது" என்றார் முடிச்சு வச்சவர். கெண்டைக்காலில் நான்கு பல் பதிந்து ரத்தம் காலுறை வரை வழிந்திருந்தது.

மருந்து தீர்ந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொன்னால் யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் முதுகுக்குப் பின்னால் குளிர்பெட்டி நிறைய மருந்து இருந்தது, அது அவள் அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லை. பழி வேறு, ஊசி வேறு. எல்லாமே விதிப்படி நடக்கட்டும் என்று முடிவு செய்தாள். ஒரு எழுத்துக் குறையாமல் விதிப்படி.

"முதல்ல சோப்புப் போட்டுக் கழுவணும் சார். குழாயைத் திறந்து விட்டுப் பதினஞ்சு நிமிஷம்."

"வீட்டுலயே கழுவிட்டேன்."

"இங்க கழுவணும்."

நான்காவது நிமிடம் அவர் குழாயை மூடினார். ஊசியக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "நிறுத்திட்டீங்களே சார். மறுபடி முதல்லேருந்து." மகள் இதே தொட்டிமேல் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு பதினைந்து நிமிடமும் அழுதாள். இவர் ஒற்றைக் காலில் நின்று முனகினார். அந்த முனகல் ஊசியக்காவுக்குக் காதில் இனிக்கத்தான் செய்தது.

"எந்த நாய் சார்?"

"மரக்கடை நாய். கதவு நிலை பாக்கலாம்னு போனேன். ஒரு காது அறுந்த சனியன், பின்னாடியே வந்து கவ்விடுச்சு."

ஊசியக்கா பதிவேட்டில் அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

அவர் எட்டிப் பார்த்தார். "மரக்கடைன்னெல்லாம் எதுக்கு? பஸ் ஸ்டாண்டு பக்கம், தெருநாய்னு போட்டுக்கங்க. முதலாளி நமக்கு வேண்டியவரு."

"மையில எழுதியாச்சு சார், அடிக்கக் கூடாது. தெரிஞ்ச நாயா இருக்கறது உங்களுக்குத்தான் நல்லது. பத்து நாளைக்கு அதைப் பாக்கணும்ல."

"எதுக்குப் பாக்கணும்?"

"உயிரோட இருக்கா, தீனி திங்குதா, தண்ணி குடிக்குதான்னு. சுருண்டு படுத்துட்டாலோ, ஆளைக் காணோம்னாலோ உடனே வந்து சொல்லணும்."

அவர் முகம் வெளுத்தது. "ஆபீஸ் பையன் எவனையாச்சும் அனுப்பினா போதுமா?"

"உங்க உயிரு சார். நீங்களே நேர்ல போய்ப் பாருங்க" என்றாள். 'நேர்ல' என்பதைக் கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். அது அவர் காதில் ஏறவில்லை.

கடிவாயைச் சுற்றி மருந்து ஏற்றும்போது அவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அதே மருந்தைக் கன்னத்துக்குள் ஏற்றினால் எப்படி இருக்கும் என்று கேட்க ஊசியக்காவுக்கு ஆசையாக இருந்தது. கேட்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கண்காணிப்பு அட்டையை எடுத்துக் கொடுத்தாள். தேதி, நேரம், இடம், நாயின் நிலை, கையெழுத்து என்று நிரப்ப, நாளுக்கு ஒன்றாகப் பத்துக் கட்டங்கள். அடியில், 'மேலே உள்ளவை நான் நேரில் கண்டவை' என்று அச்சடித்திருக்கும்.

இதே மாதிரி ஒரு அட்டையைப் போன வருடம் அவள் கணவன் நிரப்பினார். பஸ் ஓட்டுகிற மனிதர். வேலை முடிந்த கையோடு பத்து நாளும் மரக்கடைக்குப் போய்ப் பார்த்து எழுதினார். அதை மனுவுக்குப் பின்னால் குத்தித்தான் கொடுத்தார்கள். முடிச்சு வச்சவர் ஒரே ஒரு தாளைத் திருப்பியிருந்தால் பத்துக் கையெழுத்தும் கண்ணில் பட்டிருக்கும். இப்போது அவர் அட்டையை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதற்கு முன் பார்த்ததாகவே முகத்தில் ஒரு குறிப்பும் இல்லை. அந்த நொடியில் ஊசியக்காவுக்கு வந்த கோபத்துக்கு அளவே கிடையாது.

ஊசி போட்டு அனுப்பும் ஒவ்வொருவரிடமும் அவள் ஒரு வார்த்தை சொல்வாள். 'ஒழுங்கா ஊசி போட்டுக்கிட்டீங்கன்னா ஒண்ணும் ஆகாது.' பதினோரு வருடத்தில் இதைச் சொல்லாமல் யாரையும் அனுப்பியதில்லை. அவரிடம் மட்டும் சொல்லவில்லை. "மூணாம் நாள், ஏழாம் நாள், அப்புறம் இருபத்தெட்டாம் நாள்" என்று அட்டையில் குறித்துக் கொடுத்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

மூன்றாம் நாள் வந்தபோது முதல் மூன்று கட்டங்களும் நிரம்பியிருந்தன. மணி மணியான எழுத்து. 'பகல் 12.40. மரக்கடை வாசல். நாய் படுத்திருந்தது. பிஸ்கட் ஆறு தின்றது. தண்ணீர் குடித்தது.' ஒவ்வொன்றின் முடிவிலும் அந்த வால் நீண்ட கையெழுத்து.

"தண்ணி குடிச்சா நல்லதுதானே சிஸ்டர்?"

"பாக்கலாம் சார்."

ஐந்தாம் நாள் ஊசி எதுவும் கிடையாது. ஆனாலும் மதியத்தில் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்து நின்றார். நாய் பிஸ்கட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டதாம். "ஏன் திங்கல? எனக்குச் சொல்லுங்க, ஏன் திங்கல?" என்றார். வயிறு நிரம்பியிருக்கும் என்று ஊசியக்காவுக்குத் தெரியும். அந்த ஒன்றரைக் காதுக்குக் கேடு எதுவும் வராது, ஊரையே புதைத்துவிட்டுத்தான் போகும். "நாளைக்கும் போய்ப் பாருங்க" என்று மட்டும் சொன்னாள். ஒரு வருடத்துக்கு முன்னால் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து அவர் அவளுக்குச் சொன்னதும் இதைத்தான். நாளைக்கு வந்து பாருங்க.

வீட்டில் இதைச் சொன்னபோது கணவன் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"ரொம்பப் படுத்தறியோ அந்த ஆளை? வயசானவரு."

"நீங்க அந்த ரூமுக்குப் போயி, உங்க பொண்ணு எந்தக் கன்னத்தை மேல வச்சுத் தூங்குறான்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க."

அவர் போகவில்லை. போய்ப் பார்க்காமலே அவருக்குத் தெரியும்.

ஏழாம் நாள் அட்டையில் 'வாலை ஆட்டியது' என்று எழுதியிருந்தது. கடித்த நாயின் ஆயுளுக்காக இப்படி உருகிய மனிதரை ஊசியக்கா பார்த்ததில்லை. அலுவலகத்தில் இருந்த இருபத்தெட்டு வருடத்தில் நாற்காலியை விட்டு எழுந்து ஒரு இடத்தையும் பார்வையிடப் போகாத ஆள், நாள் தவறாமல் வெயிலில் நடந்துபோய் மரக்கடை வாசலில் நின்றார். ஊர் பார்த்தது. மரக்கடை முதலாளி பார்த்தார். அவர் மட்டும் நாயைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

பதினோராம் நாள் காலை கதவு திறக்கும்போதே வந்து நின்றார். முகமெல்லாம் மலர்ச்சி.

"பத்து நாளும் முடிஞ்சுது சிஸ்டர். நாய் கல்லு மாதிரி இருக்கு."

"கீழ ஒரு கையெழுத்து பாக்கி சார்."

'மேலே உள்ளவை நான் நேரில் கண்டவை.' அதன் கீழே போட்டார். வால் இந்தத் தடவை சந்தோஷத்தில் இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தது. ஊசியக்கா அட்டையை வாங்கி மை காயும் வரை பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு கடிதத்தை எடுத்து, பிரித்து, அட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் ஒரே வால்.

அவர் குனிந்து படித்தார். மூன்று வரிதான், ஆனால் படித்து முடிக்க வெகுநேரம் ஆனது. அப்புறம் மெல்லத் தலை நிமிர்ந்தது. முதல் தடவையாக அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"நீங்களா..."

"என் பொண்ணு சார். கன்னத்துல ஏழு தையல். இதே நாய்."

"அது... அது ஆபீஸ் வழக்கம்மா. எல்லாருக்கும் அதே வரிதான் போடுவோம். தனிப்பட்ட முறையில ஒண்ணும் இல்ல."

"தெரியும். அதனாலதான் நீங்களே எழுதட்டும்னு விட்டேன்."

அவர் கை அட்டையை நோக்கி நீண்டது. ஊசியக்கா அதன்மேல் பதிவேட்டை எடுத்து வைத்தாள்.

"ரிட்டையர் ஆக ரெண்டு வருஷம்தான் இருக்கு, சிஸ்டர்."

"அவளுக்கு ஒம்பது வயசு சார். அந்தக் கன்னத்தோட இன்னும் எத்தன வருஷம் இருக்கு, சொல்லுங்க."

அன்று மதியமே அட்டையும் கடிதமும் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவின் கையெழுத்தோடு நகர அலுவலகத்தின் தலைமை அதிகாரிக்குப் போயின. அவ்விடத்தில் இல்லாத நாய் அவ்விடத்தில் பத்து நாளாகப் பிஸ்கட் தின்றது எப்படி என்று அதிகாரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். அலமாரியைத் திறந்தார்கள். அதே மூன்று வரிகளோடு பதினேழு நாய்க்கடி மனுக்கள் முடித்து வைக்கப்பட்டிருந்தன. அதில் ஐந்து இதே ஒன்றரைக் காது. மரக்கடைக்கு நோட்டீஸ் போனது. முதலாளி கடைசியில் 'ஆமாங்க, என் நாய்தான்' என்று எழுதிக்கொடுத்தார். நாய் கடைக்குப் பக்கத்தில் கம்பிக் கூண்டுக்குள் போனது. முடிச்சு வச்சவர் மனு வாங்கும் மேசையிலிருந்து பழைய கோப்புகள் கிடக்கும் பின்கட்டு அறைக்குப் போனார்.

ஊசியக்காவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நாயைக் கூண்டில் அடைத்த அன்று சாயங்காலம் அவளே மகளைக் கூட்டிக்கொண்டு மரக்கடைத் தெரு முனை வரை போனாள். கூண்டை அங்கிருந்தே காட்டினாள், பூட்டையும் காட்டினாள். மகள் தெருவைப் பார்த்தாள். அம்மாவின் கையை உதறிவிட்டு, முடியை இழுத்துவிட்டுக்கொண்டு, பெரிய சாலைப் பக்கம் திரும்பி நடந்தாள். ஊசியக்காவும் பின்னாலேயே நடந்தாள். உள்ளே அடங்கியிருந்த கோபம் மறுபடி முழுசாகத் திரும்பி வந்துவிட்டது.

இருபத்தெட்டாம் நாள் அவர் ஊசிக்கு வரவில்லை. மாலையில் பதிவேட்டை மூடப்போன ஊசியக்கா அவர் பெயருக்கு நேரே காலியாக இருந்த கட்டத்தைப் பார்த்தாள். வெட்கத்தில் வராமல் இருக்கிறார். இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு மனம் சொன்னது. நல்ல மனம் இல்லை, அவளுடைய மனம்தான். பதிவேட்டை மூடினாள். வீட்டுக்குப் போனாள், படுத்தாள், அந்தக் கட்டமும் கூடவே வந்து படுத்துக்கொண்டது.

மறுநாள் மதிய இடைவேளையில் நகர அலுவலகத்துக்கு நடந்தாள். நான்காவது முறை. மாடிப் பின்கட்டு அறையில் தூசிக்கு நடுவே அதே வழுக்கை வட்டம், அதே மச்சம், ஒரு கோப்பின்மேல் கவிழ்ந்திருந்தது. காலடிச் சத்தம் கேட்டும் நிமிரவில்லை.

"இப்ப மனு எதுவும் இங்க வாங்கறதில்ல" என்றது தலை.

"நான் மனு குடுக்க வரல. நிமிந்து பாருங்க சார்."

நிமிர்ந்தார். இளைத்திருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"அதான் எல்லாம் முடிஞ்சுதே சிஸ்டர். இன்னும் என்ன?"

"கடைசி ஊசி. நேத்தே போட்டிருக்கணும். உங்க பதிவை நான் இன்னும் முடிச்சு வைக்கல."

அவர் கோப்பை மூடிவிட்டு, ஆணியில் தொங்கிய குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். கடிபட்ட காலை லேசாகச் சாய்த்து வைத்து நடந்தார். மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்று, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஒரு நாள் தள்ளிப் போயிடுச்சே. எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

ஊசியக்கா முன்னால் இறங்கிக்கொண்டிருந்தாள். ஒரு படி இறங்கினாள். இன்னொரு படி இறங்கினாள். பின்னால் அவர் மூச்சு விடும் சத்தம்கூட நின்றுவிட்டது. மூன்றாவது படியில்தான் திரும்பாமலே சொன்னாள்.

"ஒழுங்கா ஊசி போட்டுக்கிட்டீங்கன்னா ஒண்ணும் ஆகாது. வாங்க."