பஸ் ஏறிப் போன நாற்றம்

அந்த வீட்டுச் சமையலறைக் குப்பைத்தொட்டியின் நாற்றம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை தொட்டியை விட்டு இறங்கியது. செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அண்ணனுக்காக வாசலில் காத்திருந்து, அவர் பின்னாலேயே பஸ் ஏறி வேலைக்குப் போனது. டிக்கெட் எடுக்கவில்லை. கண்டக்டர் கேட்கவும் இல்லை. கேட்க வேண்டுமானால் அவர் வாயைத் திறக்க வேண்டியிருக்கும். வழக்கமாக நின்றுகொண்டே போகும் அண்ணனுக்கு அன்று ஜன்னலோர இருக்கை கிடைத்தது, பக்கத்து இருக்கையில் நாற்றம் உட்கார்ந்தது. அன்று மழை வரும்போல் இருந்தது, வரவில்லை.

அந்த வீட்டில் ஐந்து பேர் இருந்தார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அண்ணன், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் அண்ணி, லிஃப்ட் ரிப்பேர் செய்யும், கல்யாணமே வேண்டாம் என்றிருந்துவிட்ட சித்தப்பா, வீட்டில் உட்கார்ந்தபடியே போனில் ஊரார் புகாரையெல்லாம் கேட்டுக்கொள்ளும் உத்தியோகத்தில் இருந்த தம்பி, தம்பியின் மனைவி. இந்தக் கடைசி ஆளுக்கு சோப்பு கம்பெனியில் மூக்கு வேலை. தயாராகும் ஒவ்வொரு சோப்பையும் முகர்ந்து பார்த்து, இது போகலாம், இது போகக்கூடாது என்று சொல்ல வேண்டும். மூக்குக்காரி என்று தெருவே கூப்பிட்டது, அவளும் திரும்பிப் பார்த்தாள். வேலைக்காக அவள் பூண்டு தொடுவதில்லை, பவுடர் பூசுவதில்லை, தாளிக்கும்போது அடுப்படியில் நிற்பதில்லை. குப்பைத்தொட்டி பக்கமே அவள் போக வேண்டாம் என்று கல்யாணமாகி வந்த மறுநாளே குடும்பம் கூடிப் பேசி விலக்கு அளித்திருந்தது. அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

மற்ற நால்வருக்கும் ஒரு சட்டம் இருந்தது. அண்ணன் போட்டது. தொட்டியின் மூடி மூடாமல் நிற்கிறதா, கடைசியாகக் குப்பை போட்டவர் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சட்டம் வந்த நாளிலிருந்து குப்பை கொட்டுவது நின்று, மூடி மூடுவது கலையாக வளர்ந்தது. அண்ணி கரண்டிக் காம்பால் ஓரங்களைக் குத்தி இடம் பண்ணுவாள். தம்பி பிஸ்கெட் உறையை நாலாக மடித்துச் செருகுவான். சித்தப்பா வாழைப்பழத்தை வீட்டில் சாப்பிடுவதையே விட்டுவிட்டு, பழத்தை லிஃப்டுக்குள் தின்று தோலை லிஃப்ட் மேலேயே வைத்துவிட்டு வருவார். எல்லாரும் அழுத்தினார்கள். அழுத்தியது அடியில் போய் மாதக்கணக்கில் ஊறியது. மேலே மூடி மட்டும் சமர்த்தாக மூடியிருந்தது. திங்கட்கிழமை மாலை அண்ணன் தர்பூசணித் தோல் போட்டபோது மூடி ஒரு விரற்கடை தூக்கிக்கொண்டு நின்றது. அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அரிசி டப்பாவைத் தூக்கி மூடிமேல் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு டிவி பார்க்கப் போனார். மறுநாள்தான் அது பஸ் ஏறியது.

யார் தட்டிக்கழித்தாரோ அவர் பின்னால் போகும் என்பது ஒரு வாரத்தில் எல்லாருக்கும் புரிந்துபோயிற்று. புரிந்து என்ன பயன்? அண்ணனின் காரில் அது பின்சீட்டில் உட்கார்ந்த நாள் முதல், அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவர்கள் எப்படியாவது சீக்கிரம் காரை விட்டு இறங்க வேண்டும் என்ற வெறியில் ஒரே வாரத்தில் லைசென்ஸ் வாங்கினார்கள். ஊரிலேயே இவரைப்போல் கற்றுக்கொடுக்க ஆள் இல்லை என்று பெயர் வந்தது. அடுத்து அது அண்ணியோடு கடைக்குப் போயிற்று. முகத்துக்கு மிக அருகில் குனிந்து அவள் கண்ணாடியை மாட்டிவிட்டதும், வந்தவர்கள் கண்ணாடியில் முகம்கூடப் பார்க்காமல், "இதுவே போதும்மா, கட்டிக் குடு" என்று எழுந்தார்கள். கடை முதலாளி அவளுக்குச் சுழல் நாற்காலி கொடுத்தார். தம்பியின் போன் வழியாகவும் அது எதிர்முனைக்குப் போயிற்று. கத்த வந்தவர்கள் புகாரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனை வைத்தார்கள், சிறந்த ஊழியர் என்று கம்பெனி அவன் படத்தை மாட்டியது. சித்தப்பா வேலை பார்த்த கட்டடங்களில் எல்லாரும் படியேறத் தொடங்கியதால் லிஃப்டுகள் பழுதாவது நின்றது. அவர் உள்ளே உட்கார்ந்து நிம்மதியாகப் பேப்பர் படித்தார்.

மாலையில் அது யாரோடு போனதோ அவரோடு திரும்பி வந்து, ஃப்ரிட்ஜ் பக்கத்துப் பிரம்பு நாற்காலியில் உட்காரும். உருவம் என்று ஒன்றும் இல்லை. மெத்தை குழியும், அவ்வளவுதான். அதற்குப் பயந்து ஓடிக்கொண்டிருந்தவர்கள் ஒரு மாதத்தில், "இன்னிக்கு அது யார்கூடப் போகுது?" என்று போட்டிபோட ஆரம்பித்தார்கள். தட்டிக்கழிப்பதிலும் போட்டி வந்தது. அரிசி டப்பாமேல் பருப்பு டப்பா ஏறியது.

மூக்குக்காரிக்கு மட்டும் அதனால் ஒரு நன்மையும் இல்லை. அவளுக்குக் கொட்டும் முறையே இல்லாததால் அது அவள் பின்னால் ஒருநாளும் போகவில்லை. ஆனால் அவள் மூக்கில் ஏறிவிட்டது. ரோஜா சோப்பை முகர்ந்தாள், குப்பைத்தொட்டி. எலுமிச்சை சோப்பை முகர்ந்தாள், குப்பைத்தொட்டி. ஒரு மாதத்தில் அவள் வேண்டாம் என்று தள்ளிய சோப்புகள் கிடங்கில் கூரை முட்டின. ஒருநாள் மேனேஜர் பயந்துபோய் அவளிடம் ஒரு குவளைத் தண்ணீரைக் கொடுத்து முகரச் சொன்னார். அதற்கும் அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"வர்ற திங்கட்கிழமை ஒரு தடவை சோதிச்சுப் பாக்குறேன்மா. அதுலயும் இப்படின்னா பேக்கிங் பக்கம் போயிடுங்க. எனக்கு வேற வழி தெரியல" என்றார் அவர். கெட்ட மனிதர் இல்லை.

அவளுக்கு அந்த வேலை உயிர். படிப்பு ஏறவில்லை, பாட்டு வரவில்லை, அழகி என்று யாரும் சொன்னதில்லை. பிறந்ததிலிருந்து அவளுக்கு வாய்த்தது அந்த மூக்கு ஒன்றுதான். வீட்டுக்கு வந்து சொன்னாள். எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள்.

"பேக்கிங்ல உக்காந்துக்கிட்டே பாக்கலாமாமே" என்றாள் அண்ணி, சுழல் நாற்காலி ஞாபகத்தில்.

விலக்கு அளிக்கப்பட்டவள் சனிக்கிழமை விலக்கை மீறினாள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, டப்பாக்களை இறக்கி, அடிவரை அமுங்கிக் கட்டியாகிக் கிடந்ததைக் கரண்டியால் பெயர்த்துக் கொண்டுபோய்க் கொட்டினாள். தொட்டியைச் சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்து, வினிகர் விட்டு அலசி, வெயிலில் கவிழ்த்தாள். மூடியின் உள்விளிம்பைப் பழைய பல் பிரஷால் தேய்த்தாள். அழுக்கு ஒளிந்துகொள்வது அங்கேதான். காய்ந்ததும் அடியில் சோடா உப்பைத் தூவி, மேலே பழைய பேப்பரை மடித்துப் போட்டாள். ஈரக் குப்பையைப் பேப்பரில் சுற்றித்தான் போட வேண்டும், தினம் கொட்ட வேண்டும் என்று சொன்னாள். தொட்டி அதில் சோறு போட்டுச் சாப்பிடலாம்போல் ஆயிற்று. அன்று மாலை நாற்றம் அண்ணனோடு பஸ்ஸில் வந்து இறங்கி, தொட்டியை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, பிரம்பு நாற்காலியில் போய் உட்கார்ந்தது. அது தொட்டியை நம்பிப் பிழைக்கும் நிலையைத் தாண்டி ரொம்ப நாளாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். மூக்குக்காரி தட்டை நகர்த்திவிட்டு எழுந்து, முக்காலியை இழுத்துப் பிரம்பு நாற்காலிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். அதுவரை அந்த வீட்டில் அதை யாரும் முகர்ந்ததில்லை. எல்லாரும் மூக்கைத்தான் பொத்தியிருக்கிறார்கள். அவள் கம்பெனியில் செய்வதுபோலவே கண்ணை மூடி, குட்டிக்குட்டியாக மூச்சை இழுத்தாள். நடுவில் மூக்கைத் துடைத்தாற்போல் ஆக்கிக்கொள்ளத் தன் முழங்கையின் உள்மடிப்பை முகர்ந்தாள். மறுபடி இழுத்தாள்.

"மேல வெங்காயத் தோல், பால் பாக்கெட், முட்டை ஓடு. இது எல்லார் வீட்லயும் இருக்கறதுதான்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அதுக்குக் கீழ சிகரெட். ஏலக்காயும் சேர்ந்து வருது. மாமா, விட்டுட்டேன்னு சொன்னீங்களே?"

அண்ணன் தண்ணீர் குடித்தார். அண்ணி அவரை எரித்துவிடுவதுபோல் பார்த்து, "அப்பவே நினைச்சேன்" என்று தொடங்கினாள்.

"பொரிச்ச கோழி. அக்கா, இது ரெண்டு பேர் சாப்பிடற அளவு இருக்கு."

உடம்பைக் குறைக்க வேண்டுமென்று ஒன்றரை வருஷமாகக் குடும்பம் முழுவதற்கும் வேகவைத்த காய்கறி போட்டுக்கொண்டிருந்தவள் அண்ணிதான். "ரெண்டு பேர் இல்ல" என்றாள் சின்னக் குரலில். "நான் ஒருத்திதான்."

"அடுத்தது தலைமுடி மை" என்று ஆரம்பித்ததும் சித்தப்பா கையெடுத்துக் கும்பிட்டார். தான் காய்ச்சும் எண்ணெயால்தான் தன் முடி இந்த வயதிலும் கறுப்பாக இருக்கிறது என்று சொல்லி, அந்தப் பிசுக்கு எண்ணெயை வீட்டில் எல்லார் தலையிலும் தடவ வைத்திருந்தார் அவர். அண்ணன் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு, "சித்தப்பா" என்றார்.

ஒவ்வொன்றைச் சொல்லச் சொல்ல நாற்காலி மெத்தை கொஞ்சம் கொஞ்சமாக மேலெழும்பியது. மூக்குக்காரி முழங்கை மடிப்பை மறுபடி முகர்ந்தாள். இம்முறை ரொம்ப நேரம் முகத்தை அங்கேயே வைத்திருந்தாள்.

"எல்லாத்துக்கும் அடியில சோறு. பாசிப்பருப்பு, பூசணிக்காய். பூண்டு இல்ல, வெங்காயம் இல்ல. தினமும் இருக்கு. பேப்பர்ல சுத்தி, அடியில தள்ளிவிட்டிருக்கு" என்றாள். "என்னங்க, இது நான் உங்களுக்கு மதியத்துக்கு வெச்சிட்டுப் போறதுதானே?"

தம்பிக்கு ஊரார் புகாருக்கெல்லாம் பதில் சொல்லித்தான் பழக்கம். வீட்டுக்குள்ளிருந்து வந்த முதல் புகார் இது. "உப்பு இருக்காது. காரம் இருக்காது. உன் வேலைக்காக நீ அப்படிச் சமைக்கறே. வாயில வைக்க முடியலன்னு சொன்னா நீ கஷ்டப்படுவேன்னு..."

"கொட்டினா கஷ்டப்பட மாட்டேனா?"

உண்மையில் அவளுக்கு அது புதுச் செய்தி இல்லை. கல்யாணமான இரண்டாம் மாதமே அடுப்படியைத் தாண்டிப் போகும்போது தொட்டியிலிருந்து தன் சமையலின் வாசனை வந்ததை அவள் அறிவாள். அன்றே அவள் மூக்கு அதிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆனால் ஒரே ஒரு வாசனையை மட்டும் வேண்டாம் என்று சொல்ல மூக்குக்குத் தெரியாது. அதை உள்ளே விடாமல் இருப்பதற்காக ஒவ்வொன்றாகக் கதவடைத்து, கடைசியில் ரோஜாவையும் தண்ணீரையும்கூட வெளியே நிறுத்திவிட்டது. அவள் அழுதாள். மூக்கு ஒழுக ஒழுக, சத்தம் போட்டு, கூச்சமே இல்லாமல் அழுதாள். யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. அழுது முடித்து முகம் கழுவி வந்தவள், உப்பு டப்பாவைக் கொண்டுவந்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் ணங்கென்று வைத்தாள்.

"இனிமே வேணுங்கறதைப் போட்டுக்கங்க. பிடிக்கலன்னா வாயைத் திறந்து சொல்லுங்க. போன்ல எவன் எவனுக்கோ பதில் சொல்றீங்க இல்ல?"

அவன் உப்பைப் போட்டுக்கொண்டு, அவள் வைத்த கூட்டை முழுதும் தின்றான். இரண்டாந்தரமும் கேட்டான். அது கொஞ்சம் அதிகப்படி என்று அண்ணி நினைத்தாள்.

திங்கட்கிழமை மேனேஜர் கண்ணைக் கட்டிவிட்டுச் சோப்புகளை வரிசையாக நீட்டினார். மூக்குக்காரி எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாள். கடைசியாக அவர் கையை முகர்ந்துவிட்டு, "சார், இன்னிக்குக் கை கழுவினது நம்ம சோப்பு இல்ல" என்றாள். அவர் அசடு வழிந்தார். கிடங்கிலிருந்த சோப்பெல்லாம் வெளியே போயிற்று. பேக்கிங் பேச்சு அத்தோடு முடிந்தது.

நாற்றம் அதற்குப் பிறகு யார் பின்னாலும் போகவில்லை. அண்ணனிடம் கற்றுக்கொள்ள வந்தவர்கள் மறுபடியும் மாதக்கணக்கில் கிளட்ச் எது பிரேக் எது என்று கேட்டார்கள். அண்ணியின் கடையில் வந்தவர்கள் இருக்கிற கண்ணாடியையெல்லாம் மாட்டிப் பார்த்துவிட்டு நாளைக்கு வருகிறோம் என்று போனார்கள். "வாரத்துல ஒரு நாளாவது வரச் சொல்லேன்" என்று அவள் மூக்குக்காரியிடம் கேட்டும் பார்த்தாள். அது வரவில்லை. நாற்காலியில் பூனை அளவுக்கு ஒரு குழிவாக இருந்தது, யாரையும் தொந்தரவு செய்யவில்லை.

பழைய சட்டம் போய் ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வந்தது. மூக்குக்காரிக்கும் ஒரு நாள் உண்டு. அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். சனிக்கிழமை எல்லாரும் சேர்ந்து கொட்டி, தொட்டியைக் கழுவிக் காயவைப்பது. ஞாயிற்றுக்கிழமை மிஞ்சியது. அதை யார் தலையில் கட்டுவது என்று ஒரு காலை முழுக்க வாய்ச்சண்டை நடந்தது. அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பிரம்பு நாற்காலியின் மெத்தை எழும்பியது, தொட்டிக்குள் விரித்திருந்த குப்பைப் பையின் வாய் இழுபட்டு முடிச்சு விழுந்தது, பை தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் மிதந்து வாசல் பக்கம் போனது. அன்றிலிருந்து ஞாயிறு அதன் முறை. தெருவில் எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி வழிவிடுகிறார்கள், சிலர் தலையசைக்கிறார்கள். குப்பை வண்டிக்காரர் மட்டும் ஒருமுறை அண்ணனை நிறுத்தி, "உங்க வீட்டிலேயே ஈரம் வேற காஞ்சது வேறன்னு பிரிச்சுக் கட்டிக்கிட்டு வர்றது ஞாயித்துக்கிழமை மட்டுந்தாங்க" என்றார். அண்ணன் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று நடையைக் கட்டினார்.

ஞாயிறுதோறும் பை வாசலுக்கு வந்ததும் ஒரு நிமிடம் நிற்கிறது. மூக்குக்காரி வந்து குனிந்து, கண்ணை மூடி, குட்டிக்குட்டியாக மூச்சை இழுக்கிறாள். வெங்காயத் தோல், முட்டை ஓடு, அண்ணனின் சிகரெட் இரண்டு. எவ்வளவு அடியில் தேடினாலும் பாசிப்பருப்பு இல்லை, பூசணிக்காய் இல்லை. அவள் நிமிர்ந்து கதவைத் திறந்துவிடுகிறாள்.