செல்வமேரி கேட்ட கேள்வியும் ஒரு மந்திரக் கல்லும்

1

இந்தக் கதையைத் திருடினேன் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். என் மகள் கம்ப்யூட்டரில் ஆடும் விளையாட்டில் ஒரு கல் வரும். மந்திரவாதிகள் வேண்டும்போது அதிலிருந்து சக்தியை எடுத்துக்கொள்வார்கள். எனக்கு ஏழு ஜென்மத்திலும் தோன்றியிருக்காத யோசனை. உடனே உட்கார்ந்து எழுதினேன்.

‘ஸ்ரீரங்கத்தில் ஆனந்தவள்ளி என்றொரு மந்திரவாதி இருந்தாள். அவளிடம் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கல். பேச்சிழந்தவரைப் பேசவைக்கும்* அளவுக்கு அதில் சக்தி—’

(நிறுத்திவிட்டேன். காரணம் என் மனைவி.)

2

செல்வமேரி கணக்கு டீச்சர். என் கதைகளைச் சிவப்புப் பேனாவோடுதான் படிப்பாள்.

“ஏங்க, கல்லுக்குள்ள சக்தி எங்கேருந்து வந்துச்சு?”

“மந்திரக் கல்லுன்னா அப்படித்தான்.”

“யாராவது போட்டாத்தானே இருக்கும்?”

“உனக்குக் கதை புரியாது மேரி” என்றேன் எரிச்சலோடு. மறுநாள் காலை ஸ்கூலுக்குக் கிளம்பியவள் வாசலிலேயே விழுந்தாள். பக்கவாதம். வலது கையும் பேச்சும் போய்விட்டன. அவள் என்னிடம் கடைசியாகக் கேட்டது அந்தக் கேள்விதான்.

* இந்தச் சொற்களை எழுதியது அவள் விழுவதற்கு முந்தின நாள். அந்தத் தாளைக் கிழிக்கவும் எனக்குக் கை வரவில்லை.

3

புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரி. “வலது கையில புடிக்க ஏதாவது குடுங்க சார்” என்றார் பயிற்சி தரும் பெண். கதைக்காக அம்மா மண்டபம் படித்துறையில் பொறுக்கிவந்து மேஜையில் வைத்திருந்த கூழாங்கல்லைக் கொண்டுபோனேன். ஏசி வார்டில் அது சில்லிட்டுப்போயிருந்தது. உள்ளங்கையில் வைத்ததும் செல்வமேரி முகத்தைச் சுளித்தாள். கல் நழுவி விழுந்தது.

பக்கத்துக் கட்டிலில் தன் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்த கலீல் பாய் அதை எடுத்தார். “குளிருது சார், கொஞ்சம் இருங்க.” இரண்டு கைக்குள்ளும் பொத்தி, ஏதோ ஓதி, மூன்று முறை ஊதினார். எதிர்க் கட்டில்காரரின் மனைவி மாரியாயி, “இங்க குடுங்க பாய்” என்று வாங்கிக்கொண்டார். சமயபுரத்துக்கு நடந்துபோய் வந்த கொப்புளம் அவர் காலில் இன்னும் ஆறவில்லை. திருநீறு தடவி, “ஆத்தா பாத்துக்குவா” என்று கல்லை மடியில் இறுக்கி வைத்திருந்துவிட்டு என்னிடம் தந்தார். நான் ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொன்னேன். பாதியில் மறந்து, மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.

கல் சூடாக இருந்தது. அவள் கையில் வைத்தேன். விரல்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

இத்தனை நாள் ஆனந்தவள்ளிக்குத் தாடையில் மச்சம் வைக்கலாமா, தலையை விரித்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவன் நான். இங்கே இரண்டு மந்திரவாதிகள் ஃபிளாஸ்க்கும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

“மேரி, நீ கேட்டதுக்குப் பதில் கிடைச்சிருச்சு.”

அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

4

முடிவு (அ): ஆனந்தவள்ளி கல்லால் தொடுகிறாள், பேச்சிழந்தவளுக்குப் பேச்சு வந்துவிடுகிறது. (சினிமா. செல்வமேரி அடித்துவிடுவாள்.)

முடிவு (ஆ): கல்லின் சக்தி முழுவதும் தீர்ந்தும் பேச்சு வரவில்லை. ஆனந்தவள்ளி அந்தக் கல்லைக் காவிரியில்— (இல்லை. இதை என்னால் எழுத முடியாது.)

முடிவு (இ): நீங்கள்தான். முதல் வரியில் உங்களிடம் நான் தந்த இந்தக் கதைதான் அந்தக் குளிர்ந்த கல். இவ்வளவு நேரமும் அது உங்கள் கையில்தான் இருந்தது. உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லி, எந்தச் சாமியானாலும் சரி, சாமியே இல்லையென்றாலும் சரி, ஒருமுறை ஊதித் திருப்பிக் கொடுங்கள்.

நாலு மணிக்கு வார்டுக்குள் விடுவார்கள். இந்தத் தாள்களோடு சிவப்புப் பேனாவையும் பையில் போட்டுவிட்டேன்.