சொல்லாமல் விட்ட மாத்திரை

முல்லைக் கொல்லையில் மொட்டுப் பறிக்க எல்லோரும் இறங்கிய பிறகு, இலக்கியா மட்டும் எதையோ மறந்துவிட்டவள்போல வீட்டுக்குத் திரும்புவாள். அறைக்குள் போய்ப் பவுடர் டப்பாவைத் திறந்து, உள்ளே சுருட்டி வைத்திருக்கும் அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி, தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கிவிட்டு ஓடிவருவாள். கல்யாணமாகிக் கீரமங்கலத்துக்கு வந்த எட்டு மாதமாகக் காலையும் இரவும் இந்தத் திருட்டுதான்.

அது வலிப்பு மாத்திரை. பத்தாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் விழுந்தவளுக்கு எழுதிக் கொடுத்தது. ஆறு வருஷமாக ஒருமுறைகூட வலிப்பு வந்ததில்லை. ஆனால் பெண் பார்க்க வந்த அன்று மாமியார் மூக்காயி, "பொண்ணுக்குச் சீக்கு கீக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டபோது, அவள் அப்பா ஆத்மநாதன் இல்லையென்று தலையாட்டிவிட்டார். அன்றைக்கு ஆட்டிய தலையை அப்புறம் நிமிர்த்த முடியவில்லை. மாதாமாதம் மகளைப் பார்க்கும் சாக்கில் அரிமளத்திலிருந்து பஸ் ஏறி வந்து, பழப் பையின் அடியில் மாத்திரை அட்டைகளை வைத்துக் கொடுத்துவிட்டுப் போவார்.

ஐப்பசி மழையில் இலக்கியாவுக்குத் தொண்டை கட்டிக் காய்ச்சல் அடித்தது. பூக்கடையில் எடை போடும் அவள் கணவன் வெற்றிசெல்வன், வேலையைப் போட்டுவிட்டு வந்து அவளை வண்டியில் கிளினிக்குக்கு அழைத்துப் போனான். டாக்டர் பிரகதீஸ்வரி டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார்.

"பென்சிலின் ஒத்துக்குமாம்மா?"

"சின்னதுல ஒடம்பெல்லாம் தடிச்சுப் போச்சு மேடம்."

"அப்ப வேற ஆன்டிபயாடிக் எழுதுறேன். தினமும் வேற மாத்திரை ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?"

வெற்றிசெல்வன் தோளை உரசிக்கொண்டு நின்றான். இலக்கியா தரையைப் பார்த்தாள்.

"இல்ல மேடம்."

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது, தலைசுற்றல் பிடித்துக்கொண்டது. குடித்த கஞ்சி அப்படியே வெளியே வந்தது. மூக்காயிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இது காய்ச்ச வாந்தி இல்ல ஆத்தா, எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, கந்தர்வக்கோட்டையில் இருக்கும் தங்கச்சிக்கு அப்போதே போன் போட்டாள். அது பிள்ளைக்கான அறிகுறி இல்லையென்று இலக்கியாவுக்கு உள்ளுக்குள் தெரிந்தது.

மறுநாள் கொல்லையில் ஒரு மொட்டு இரண்டாகத் தெரிந்தது. கை நீட்டினால் காற்றுதான் அகப்பட்டது. கால் குடித்தவள் கால்போலப் பின்னியது. மறுபடியும் வலிப்பு வரப்போகிறது, அதுவும் இத்தனை பேர் முன்னால் என்று பயந்தாள். வீட்டுக்கு ஓடி இன்னொரு மாத்திரையையும் எடுத்து விழுங்கினாள். அரை நாள் தாங்கவில்லை. மோட்டார் கொட்டகை ஓரம் வாய்க்காலில் விழுந்து நெற்றி பிளந்தது.

கிளினிக்கில் டாக்டர் அவள் கண்ணைப் பார்த்தார். கருவிழி நிலைகொள்ளாமல் துடித்துக்கொண்டிருந்தது. சிறுநீரைச் சோதித்துக் கர்ப்பமில்லை என்றும் தெரிந்துகொண்டார். பிறகு வெற்றிசெல்வனிடம், "கொஞ்சம் வெளிய இருங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

"இப்ப யாரும் இல்லம்மா. என்ன மாத்திரை சாப்பிடுற?"

இலக்கியாவால் முதலில் அழத்தான் முடிந்தது. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள், கூடுதலாக விழுங்கியதையும்.

"ஒன் வலிப்பு மாத்திரையும் நல்ல மாத்திரைதான், நான் கொடுத்ததும் நல்ல மாத்திரைதான். ஆனா நான் கொடுத்தது, வலிப்பு மாத்திரைய ஒடம்பு கரைச்சு வெளிய தள்ள விடாது. அது ரத்தத்துல தேங்கித் தேங்கி விஷம் மாதிரி ஆயிருச்சு. அதுக்கு மேல நீ இன்னொண்ணையும் போட்டுருக்க."

"அப்ப வலிப்பு மாத்திரைய நிறுத்திடுறேன் மேடம். அது இருக்கப் போய்த்தானே இவ்வளவும்?"

"ஐயோ, அத நீயா நிறுத்தினா வலிப்பு நெசமாவே வந்துரும். நிறுத்த வேண்டியது நான் கொடுத்தத. பெரிய ஆஸ்பத்திரியில ஒரு நாள் வச்சு ரத்தத்துல அளவு பாக்கணும். அடுத்த வேளை எப்பங்கிறத அவங்க சொல்லுவாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "வீட்டுக்காரர பக்கத்துல நிறுத்தி வச்சுக்கிட்டு அன்னைக்கு ஒன்னக் கேட்டேன் பாரு, அது என் தப்பு. இப்ப அவருகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லவா?"

"நானே சொல்றேன்."

அவள் சொல்லி முடித்ததும் வெற்றிசெல்வன் வெளியே போய் வண்டிப் பக்கத்தில் நின்றான். பிறகு மாமனாருக்குப் போன் போட்டான்.

"மாமா, இலக்கியாவோட பழைய மருந்துச் சீட்டையெல்லாம் எடுத்துக்கிட்டுப் புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்கு வாங்க."

"மாப்ள... மன்னிச்சிருங்க மாப்ள..."

"கோவம் இருக்கு மாமா. இல்லாம இல்ல. அத அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல சீட்ட எடுத்துக்கிட்டு வாங்க."

மறுநாள் காலை மூக்காயி தூக்குவாளியோடு வார்டுக்கு வந்தாள். நெற்றியில் கட்டோடு படுத்திருந்த மருமகளையும், கால்மாட்டில் மருந்துச் சீட்டுகளைப் பிடித்தபடி கூனிக் குறுகி நின்ற சம்பந்தியையும் பார்த்தாள்.

"என்னத்தா, டாக்டர் நல்ல சேதி சொன்னாகளா?"

"அத்தை, பிள்ளை இல்ல. எனக்கு வலிப்பு இருக்கு. ஆறு வருஷமா மாத்திரையில நல்லா இருக்கேன். ஒங்கள்ட்ட மறைச்சோம். டாக்டர்கிட்டயும் மறைச்சுட்டேன். அதான் ரெண்டு மருந்தும் மோதி இப்படிக் கெடக்கேன்."

மூக்காயி பெஞ்சில் உட்கார்ந்தாள். "ஏன்யா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று ஆத்மநாதனைப் பார்த்துச் சீறினாள்.

"சொல்லியிருந்தா கட்டியிருப்பீகளா?" என்றார் அவர், தலை நிமிராமல்.

கட்டியிருக்க மாட்டாள். அது மூக்காயிக்கே தெரியும். எட்டு மாதமாகத் தன்னோடு விடியலில் எழுந்து பூப்பறித்த பெண், தனக்குக் கால் வலித்தால் கேட்காமலே தைலம் தேய்த்த பெண், தன் வீட்டுக்குள்ளேயே ஒளிந்து மாத்திரை தின்றிருக்கிறாள். அவள் நெற்றியில் தையல் போட வைத்தது மாத்திரை மட்டுமில்லை என்று அவளுக்குப் பட்டது.

தூக்குவாளியைத் திறந்து கஞ்சியை ஊற்றி மருமகளின் கையில் கொடுத்தாள்.

"குடி ஆத்தா. ஊருக்கு மறைச்சாலும் மறை, மருந்து கொடுக்குறவுகளுக்கு மாத்திரைய மறைக்காத, உசுருக்கே ஒல வச்சிரும். மறைக்கிற அளவுக்கு ஒன்னயப் பயமுறுத்தி வச்சோம் பாரு, அந்தப் பாவம் எங்களுது. இனிமே நம்ம வீட்டுல எந்தப் பொண்ணும் ஒளிஞ்சு நின்னு மாத்திரை திங்கக் கூடாது."