புதன்கிழமைக்கு என்ன?

மனைவி ரயிலேறிப் போன முதல் மாதம், அந்த பஸ் மெக்கானிக்கின் வீட்டில் இரண்டு கட்டுக் கீரையும் ஒரு முழு முட்டைக்கோஸும் அழுகிப் போயின. அரைக் கிலோ இஞ்சி முளையே விட்டுவிட்டது. அவ்வளவு இஞ்சியை எதற்கு வாங்கினான் என்று அவனுக்கே தெரியாது. கடையில் புதிதாகத் தெரிந்தது, வாங்கிவிட்டான்.

அவள் நர்ஸ். இரண்டு நாள் ரயில் பயணத்துக்கு அப்பால் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று வருட ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தாள். சம்பளம் அதிகம்தான். ஆனால் அதில் பெரும்பகுதி அவள் அம்மாவின் சிறுநீரக வைத்தியத்துக்குப் போனது. தங்குவதற்குப் பெண்கள் விடுதியில் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். அவனும் ஒன்பது வயது மகளும் அங்கே போய்ச் சேர வேண்டுமென்றால் வாடகைக்கு வீடு பிடிக்க வேண்டும். அந்த ஊரில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்டார்கள். வீட்டு வாடகையையும் பள்ளிக் கட்டணத்தையும் குறைக்க வழியில்லை. கை வைக்க முடிந்த இடம் சமையலறை ஒன்றுதான்.

"ஏழு நாளைக்கும் என்ன ஆக்கப் போறீங்கன்னு முதல்ல எழுதுங்க. எழுதிட்டுத்தான் கடைக்குப் போகணும்" என்றாள் அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தொலைபேசியில். "கடையில போய் நின்னு யோசிச்சா உங்களுக்கு இஞ்சிதான் கண்ணுல படும்."

"ஒரு தடவை தெரியாம வாங்கிட்டேன். அதையே எத்தனை நாள் சொல்லுவ?"

"அது தீர்ற வரைக்கும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒவ்வொரு ஞாயிறும் ஐந்து மணிக்கு அவன் பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு உட்காருவான். அவள் சொல்லச் சொல்ல எழுதுவான். ஒரு முட்டைக்கோஸை வாங்கினால் இரண்டு நாளைக்குப் பிரிப்பது, திங்கட்கிழமை வேகவைக்கும் பருப்பில் பாதியை எடுத்துச் செவ்வாய்க்கு வைப்பது, மிஞ்சிய சோற்றை மறுநாள் முட்டை போட்டு வதக்குவது. காய்கறிக் கடைக்காரர் சாயங்காலம் விலை குறைப்பார் என்று தெரிந்து வேலை முடிந்து போகப் பழகினான். தாளில் இல்லாத எதையும் தொடமாட்டான். "சார், வீட்டுல கேட்டுட்டு ஒரு மாங்காயாவது வாங்கலாமே" என்று கடைக்காரர் சீண்டுவார். அவன் சிரித்துக்கொண்டே தாளை மடித்துப் பையில் வைப்பான்.

அவன் அதிகம் பேசாத ஆள். அவள் போன புதிதில் "சாப்பிட்டியா", "ம்", "சரி" என்று இரண்டு நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும். சமையல் தாள் வந்தபின் ஒரு மணி நேரம் ஓடியது. நீ இல்லாமல் வீட்டில் இருக்க முடியவில்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. "வெள்ளிக்கிழமைக்குப் பூசணி கால் கிலோ போதுமா?" என்று மூன்று தரம் கேட்பான். அவளும் மூன்று தரம் பதில் சொல்வாள்.

"நானும் இங்க அதையேதான் ஆக்கப் போறேன்" என்றாள் ஒருநாள். "புதன்கிழமைக்கு என்ன? முட்டைக்கோஸா? எனக்கும் அதான்." விடுதியில் சமைத்துக்கொள்ள விடுகிறார்கள் போல என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அது மகளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. சிட்டு என்று கூப்பிடும் அந்தப் பெண் முட்டைக்கோஸைக் கண்டாலே மூக்கைச் சுருக்குவாள். இப்போது தட்டின் முன் உட்கார்ந்து, "அப்பா, அம்மாவும் இப்ப இதையேதான் சாப்பிடுறாங்களா?" என்று கேட்பாள். ஆமாம் என்றால் மறுபேச்சில்லாமல் சாப்பிடுவாள். அவனும் எட்டு மணிக்குத் தட்டைப் போடும்போது, அங்கே அவளும் தட்டைப் போடுகிறாள் என்று நினைத்துக்கொள்வான். அந்த நினைப்பில் சோறு இறங்கும்.

பதினோரு மாதம் இப்படிப் போயிற்று. ஒரு புதன்கிழமை ஏழு மணிக்கு, அடுப்பில் காய் வேகும்போது, அவளைக் கூப்பிட்டான். அறையில் அவளோடு தங்கியிருந்த, ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் பெண் எடுத்தாள்.

"அக்கா குளிக்கப் போயிருக்காங்கண்ணா. வந்ததும் பேசச் சொல்றேன்."

"சமைச்சு முடிச்சுட்டாளாம்மா?"

"சமைக்கவா?" அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "இங்க ஏதுண்ணா அடுப்பு? வெந்நீர் கெட்டில் வச்சிருந்தேன், அதையே வார்டன் தூக்கிட்டுப் போயிட்டாங்க. கேன்டீன்லதான் எல்லாரும். அக்காதான் காசு மிச்சம் பிடிக்கணும்னு ராத்திரிக்கு ஒரு பன்னு, ஒரு வாழைப்பழத்தோட படுத்துடுறாங்க. நீங்களாவது சொல்லுங்கண்ணா." பிறகு சட்டென்று நிறுத்தி, "நான் ஏதாவது உளறிட்டேனா?" என்றாள்.

"இல்லம்மா. அப்புறம் பேசறேன்."

அன்றைக்கு சிட்டு தன் வழக்கமான கேள்வியைக் கேட்டபோது அவன் "ம்" என்று மட்டும் சொன்னான். முதலில் வந்தது கோபம்தான். பதினோரு மாதமாக ஏமாற்றியிருக்கிறாள். மறுநாள் டெப்போவில் பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து படுத்து நட்டை முறுக்கிக்கொண்டிருக்கையில் அவள் சொன்னவை ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. இன்னிக்கு உப்பு கொஞ்சம் தூக்கலாயிடுச்சு. நேத்து ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்துச்சா, பேசிட்டே இருந்ததுல அடி பிடிச்சிடுச்சு. இல்லாத அடுப்பில், இல்லாத பாத்திரத்தில் அடி பிடித்ததை அத்தனை அக்கறையாகச் சொல்லியிருக்கிறாள். அவன் கை அப்படியே நின்றுவிட்டது.

"என்னய்யா, தூங்கிட்டியா?" என்று வெளியிலிருந்து ஃபோர்மேன் கூப்பிட்டார்.

"கண்ணுல ஆயில் பட்டுடுச்சு" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு அவனே முன்கூட்டி எழுதி வைத்திருந்த தாளைப் படித்தான். "திங்கள், ரொட்டியும் வெள்ளரிக்காயும். செவ்வாய், ஊறவச்ச பயறுல கேரட் துருவிப் போட்டு. புதன், பன்னும் வாழைப்பழமும்."

அவள் மெதுவாகக் கேட்டாள்: "அடுப்பு கெட்டுப்போச்சா?"

"அடுப்பு நல்லாத்தான் இருக்கு. ரெண்டு பேருக்கும் முடியற மாதிரி எழுதினேன்."

அவள் அழுவது கேட்டது.

"பொய் சொல்லணும்னு சொல்லலைங்க" என்றாள் பிறகு. "நீங்க படிக்கறப்ப கண்ணை மூடிக்குவேன். நம்ம அடுப்பு முன்னாடி நின்னுக்குவேன். நீங்க வாங்கின முட்டைக்கோஸ் அத்தனையும் நான்தான் நறுக்கினேன், தெரியுமா? அது மட்டும் இல்லைன்னா இங்க இத்தனை நாள் இருந்திருக்க மாட்டேன்."

"பொடியா நறுக்கினியா?" என்று கேட்டான். அழுகைக்கு நடுவே அவள் சிரித்துவிட்டாள்.

"வளர்ற பிள்ளைக்கு பன்னு கொடுத்துப் படுக்க வைக்காதீங்க" என்றாள். "சூடா ஆக்கிப் போடுங்க. உங்க ஆசைக்கு வேணும்னா புதன்கிழமை மட்டும் மூணு பேரும் இப்படிச் சாப்பிடுவோம்."

"சரி. ஆனா மத்த நாள் நீ கேன்டீன்ல வயிறு நிறையச் சாப்பிடணும்."

"அப்படின்னா முன்பணம் சேர இன்னும் நாலு மாசம் கூடுதலா ஆகும்."

நாலு மாதம். அவன் காலண்டர் தாளின் முன்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான். அது எப்போதோ முடிந்துபோன மாதம். "ஆகட்டும்" என்றான்.

புதன்கிழமை பன்னைப் பார்த்ததும் சிட்டு துள்ளிக் குதித்தாள். இதுவரை வந்ததிலேயே நல்ல சமையல் இதுதான் என்று தீர்ப்புச் சொன்னாள். போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து, முதல்முறையாக மூவரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். அவள் இளைத்திருந்தாள். அவன் அதைச் சொல்லவில்லை.

நாலு மாதம் என்றது ஆறாகி, ஒருவழியாக முன்பணம் சேர்ந்தது. ஒரு ஞாயிறு அவள் வெளியிலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். மூன்றாவது மாடியில் காலியாகக் கிடந்த ஒரு வீடு. கூடத்தைக் காட்டவில்லை, படுக்கையறையைக் காட்டவில்லை, நேராகச் சமையலறைக்குப் போனாள். சின்ன ஜன்னல், ஒரு குழாய், கறை படிந்த கல்மேடை.

"சொட்டு சொட்டாத்தான் தண்ணி வருது. சரி பண்ணித் தர்றேங்கறாங்க. எப்படி இருக்கு?"

"அம்மா, நான் எங்க உக்காருவேன்?" என்று சிட்டு போனைப் பிடுங்கினாள்.

"இங்கதான். இந்தக் கல்லு மேல."

அவள் அந்தக் கல்லின் மேல் உள்ளங்கையை வைத்துக் காட்டினாள். அங்கே மாலை வெயில் விழுந்துகொண்டிருந்தது. கை சூடாக இருக்கும் என்று அவன் நினைத்தான். அடுத்த மாதம் முதல் தேதிதான் சாவி தருவார்களாம். இருபத்திமூன்று நாள் இருந்தது.

"அந்தக் கையை எடுக்காத. கொஞ்ச நேரம் அப்படியே வையி" என்றான் அவன்.